பச்சை மாவு ஒரு டம்ளர்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெயில் காலம். கோவை காந்திபுரத்திலிருந்து பெரியநாயக்கன்பாளையம் போகும் டவுன் பஸ்ஸில், மூன்று வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் அவனைக் காட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

அவனுடைய நோயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையாக இருந்தபோதே வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருக்கும். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டும், சில நாள் வலிப்பும் வரும். மாந்தம் என்றார்கள், மந்திரித்தோம். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

"நாம சாப்பிடற சோறு, இட்லியெல்லாம் சர்க்கரையாகித்தான் ரத்தத்துல சேருதும்மா. மிஞ்சினத ஈரல் கிளைக்கோஜனா மாத்திச் சேத்து வெச்சுக்கும். பசிக்கறப்ப அதையே உடைச்சு மறுபடி சர்க்கரையா ரத்தத்துக்குக் குடுக்கும். உங்க பையன் ஈரலுக்குச் சேத்து வைக்கத் தெரியுது, திருப்பிக் குடுக்கத் தெரியலை."

அதனால்தான் ஈரல் வீங்கிக்கொண்டே போயிருக்கிறது. உள்ளே அத்தனை இருந்தும், சாப்பிட்டுச் சில மணி நேரமானால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். ரொம்ப இறங்கினால் மூளைக்கு ஆபத்து.

அதற்கு அவர் சொன்ன வைத்தியம்தான் எங்கள் வீட்டில் எல்லோரையும் திகைக்க வைத்தது. கார்ன்ஃப்ளார் என்று கடையில் விற்கிறார்களே, மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் அந்த வெள்ளை மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, இரவும் பகலும் சில மணிக்கொரு தடவை கொடுக்க வேண்டும். காய்ச்சவே கூடாது. செடி தனக்கென்று சேர்த்து வைக்கிற சர்க்கரைதான் மாவுச்சத்து. காய்ச்சினால் சட்டென்று செரித்துத் தீர்ந்துவிடும். பச்சையாகக் கொடுத்தால் வயிற்றுக்குள் மெல்ல மெல்லக் கரைந்து, மணிக்கணக்கில் ரத்தத்துக்குச் சர்க்கரையைக் கொடுத்துக்கொண்டிருக்கும். கொடுக்க ஆரம்பித்த பிறகு அவனுக்கு வலிப்பே வரவில்லை.

அன்று காந்திபுரத்தில் பஸ் ஏறும்போது நெரிசலில் பையின் காது அறுந்துவிட்டது. மாவு டப்பா திறந்து, இருந்ததெல்லாம் படிக்கட்டில் கொட்டிப்போனது. அடுத்த வேளைக்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம், கைப்பையில் அவசரத்துக்குக் குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன்.

துடியலூரை நெருங்கும்போது பஸ் நின்றது. குடிதண்ணீர் கேட்டுச் சாலை மறியல். "இப்போதைக்கு நவுராதுங்க" என்று சொல்லிவிட்டு கண்டக்டர் இறங்கிப் போனார். காத்திருந்தோம். வெயில் ஏறியது. பேசிக்கொண்டே வந்த மகன் பேச்சை நிறுத்தினான். நெற்றியைத் தொட்டேன், ஜில்லென்று வியர்த்திருந்தது. தலை என் தோளில் துவண்டு விழுந்தது. பொட்டலத்தைப் பிரித்துக் குளுக்கோஸ் முழுவதையும் தண்ணீரில் கலந்து வாயில் விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் திறந்தான். ஆனால் குளுக்கோஸ் ரொம்ப நேரம் தாங்காது. அதற்குள் மாவு கிடைத்தாக வேண்டும்.

அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தேன். மருந்துக் கடை, மளிகைக் கடை எல்லாம் அடைத்திருந்தது. ஒரு பேக்கரி மட்டும் பாதி ஷட்டரை இறக்கி வைத்திருந்தது. உள்ளே என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண் இருந்தார். கடை அவருடையதுதான். கார்ன்ஃப்ளார் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கட்லெட்டுக்குப் போடறது இருக்குதுங்க அம்மணி. கொழந்தைக்குங்களா? உக்காருங்க, வாரேன்" என்று உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தார். கையில் ஒரு டம்ளர், கூடவே ஆற்றுவதற்கு ஒரு டவரா. பாலும் சர்க்கரையும் சேர்த்து, கட்டி தட்டாமல் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார். நான் அழுதுவிட்டேன்.

"அக்கா, காய்ச்சக் கூடாதுங்க. பச்சையாத்தான் வேணும். அப்படியே குடுத்துருங்க."

எங்கள் பஸ்ஸில் வந்த ஒரு பெரியவர் நிழலுக்காக அங்கே நின்றிருந்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பச்ச மாவக் கரைச்சு எவளாவது புள்ளைக்குக் குடுப்பாளா? கொழந்தை நல்லாத்தான இருக்குது? வெயில்ல இந்தப் பொண்ணுக்குப் புத்தி பெரண்டு போச்சு. குடுக்காதீங்கம்மா, ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க தலைலதான் விடியும்."

இன்னும் இரண்டு மூன்று பேர் கூடிவிட்டார்கள். ஈரல், கிளைக்கோஜன் என்று நான் தொடங்கினேன். எனக்கே நான் பேசுவது பைத்தியக்காரி பேச்சாகத்தான் கேட்டது.

அந்த அக்கா என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு உள்ளே போய் மாவுப் பாக்கெட்டையும் ஒரு சொம்பு தண்ணீரையும் கொண்டுவந்தார்.

"எத்தனை கரண்டிங்க?"

சொன்னேன். கரைத்தார். முதல் டம்ளரை என்னிடம் கொடுக்காமல், எல்லோரும் பார்க்க, தானே மடமடவென்று குடித்தார். முகம் சுளித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு பெரியவரிடம் திரும்பினார்.

"நானும் குடிச்சுப் போட்டேனுங்க. ஆகறது ரெண்டு பேத்துக்கும் ஆகட்டும். பெத்தவளுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சுபோச்சு?"

இரண்டாவது டம்ளரை அவரே கரைத்து என் கையில் கொடுத்தார். மகன் பழக்கப்பட்டவன், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான். பஸ் கிளம்பும்வரை அந்தக் கடையிலேயே உட்கார்ந்திருந்தோம். அவன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கேக்குகளை எண்ணிக்கொண்டிருந்தான். கிளம்பும்போது மீதி மாவைப் பாக்கெட்டோடு என் பையில் திணித்துவிட்டார்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தக் கடையில் இறங்கினேன். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "ஏனுங்க அம்மணி, அன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும் எனக்குப் பசியே எடுக்கலீங்க. அப்படி என்னதானுங்க இருக்குது அதுல?" என்றார். அன்றுதான் முழுக் கதையையும் நிதானமாக அவருக்குச் சொன்னேன்.

மகன் இன்று வேலைக்குப் போகிறான். இப்போதும் மாவு குடிக்கிறான். அவன் உயிரைக் காப்பாற்றியது டாக்டர் சொன்ன வைத்தியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், யாராவது ஒரு தாய் எனக்குப் புரியாத எதையோ தன் பிள்ளைக்குச் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம், ஏன் என்று கேட்பதற்கு முன்னால் என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறதே, அது அந்த அக்காவிடமிருந்து எனக்கு வந்தது.