ஒன்பது கோப்புகளுடன் பெம்பானுக்கு

கடந்த நவம்பரில் எனக்கு மூன்று நாள் விடுப்பு மிச்சமிருந்தது. எடுக்காவிட்டால் வீணாகிவிடும் என்பதால் மலாக்காவுக்குப் போனேன். கோட்டையையும் ஆற்றங்கரையையும் பற்றி எழுத என்னைவிட ஆர்வமுள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் போனது ஒரு மனிதரைப் பார்க்க. உண்மையைச் சொன்னால், அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதை நம்பாமல் போனேன்.

முன்பு என் அலுவலகத்தில் வேலை செய்த கவிதா இப்போது மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் குடியிருக்கிறாள். அவளுடைய அப்பா முனியாண்டி, பெம்பானைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், பாமாயில் எடுக்கும் பனையில், இருபத்தாறு வருடம் குலை வெட்டியவர். நீரிழிவால் மூன்று வருடங்களுக்கு முன் பார்வை போய்விட்டது. அந்தத் தோட்டத்தில் இணையம் கிடையாது. கைப்பேசிக்கே தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் லைன் கிடைக்கும். அதனால் கவிதா தமிழ் அறிவியல் பாட்காஸ்ட் ஒன்றைத் தன் வீட்டில் இறக்கி, சின்ன மெமரி கார்டில் போட்டு, பழைய எம்பி3 பிளேயரில் செருகிக் கொடுத்திருக்கிறாள். மொத்தம் 186 பகுதிகள். பிளேயரின் திரை செத்து வெகுநாளாகிறது.

"எது கேட்டாலும் எடுத்துப் போடுவாருக்கா. எந்த நம்பர்ல இருக்குன்னு அவருக்குத் தெரியும்" என்றாள் கவிதா. மகள்கள் அப்பாக்களைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சிக்கலும் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் கவிதா இருபது புதிய பகுதிகளைச் சேர்த்தபோது, அவை பழையவற்றின் நடுவே அங்கங்கே புகுந்துவிட்டன. அவர் எண்ணி வைத்த வரிசை முழுக்கக் கலைந்தது. திரும்பப் பிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனதாம். அன்றிலிருந்து கார்டை யாரும் தொடக்கூடாது. புதிது வேண்டாம், இருப்பதே போதும் என்றுவிட்டார். கலையாமல் சேர்க்க முடியுமா என்றுதான் கவிதா என்னைக் கேட்டாள். நானும் பத்து வருடப் பழைய பிளேயரில் கேட்கிறவள். அதெல்லாம் எளிது என்று சொல்லிவிட்டேன்.

கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம், பதினைந்து ரிங்கிட். சனிக்கிழமை இரவு கவிதா வீட்டில் தங்கினேன். ஞாயிறன்று அவளுக்கு வேலை இருந்ததால் நான் மட்டும் காலை 9.10க்குச் செயலியில் கார் பிடித்தேன். ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோமீட்டர், முப்பத்திரண்டு ரிங்கிட். பெம்பான் கடைவீதி முடிந்ததும் இரண்டு பக்கமும் செம்பனைதான். தார் சாலை செம்மண்ணாக மாறிய இடத்தில் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அக்கா, திரும்பி எப்படிப் போவீங்க? உள்ள லைன் இருக்காது லா. கார் கூப்பிட முடியாது."

நான் அதை யோசித்திருக்கவில்லை.

"ஒரு மணிக்கு நானே வரேன். வாசல்ல ஆர்ன் அடிப்பேன். வரலன்னா நீங்க தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்துக்க வேண்டியதுதான்."

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் ஐந்தாவது வீடு. முனியாண்டி அண்ணன் நாற்காலியில் பனியனும் கைலியுமாக உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி லெட்சுமி அக்கா தோட்டத்து நாற்றுப் பண்ணையில் இன்னும் வேலை செய்கிறார், அன்று விடுமுறை. மைலோ கலக்கிக்கொண்டே சொன்னார்: "எட்டு மாசமா அதே ஆக்டோபஸ், அதே பூகம்பம். எனக்கே மனப்பாடம். நான் யாரோட குடும்பம் நடத்துறேன்னே தெரியல."

"ஆக்டோபஸுக்கு மூணு இருதயம். உனக்கு ஒண்ணுதான், அதுவும் கோவத்துக்கே பத்தல" என்றார் அவர்.

நான் சோதித்துப் பார்க்க விரும்பினேன். கவிதா எழுதித் தந்த பட்டியலைப் பிரித்து, "நிலா நம்மை விட்டு விலகிப்போவதைப் பற்றிய பகுதி" என்றேன். அவர் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தத் தொடங்கினார். உதடு அசையவில்லை. அழுத்தல்களுக்கு நடுவே ஒரு நடைக்குரிய சீரான இடைவெளி இருந்தது. ஓரிடத்தில் தலையைச் சற்றே குனிந்து நிமிர்ந்தார். பிறகு நிறுத்தினார். நிலா வந்தது. இன்னும் நான்கு கேட்டேன். நான்கும் வந்தன.

எண்ணை எப்படி ஞாபகம் வைக்கிறீர்கள் என்றேன்.

"நம்பர் யாரு வெச்சா? நான் மரத்துல வெச்சிருக்கேன். இருபத்தாறு வருசம் வெட்டுன காடு. ஒரு நிரைக்குப் பன்னெண்டு மரம்னு வெச்சுக்கிட்டேன். நிலா ரெண்டாவது நிரை, அஞ்சாவது மரம். பக்கத்துல புத்து இருக்கும். ஆக்டோபஸ் நாலாவது நிரை, ஒம்பது. கால்வாய் ஓரம்."

"நடுவுல ஏன் தலை குனிஞ்சீங்க?"

"குனிஞ்சேனா?" அவருக்கே தெரியவில்லை. கொஞ்சம் யோசித்தார். "ஆமா. மொத நிரை முடியிற எடத்துல ஒரு மட்ட தாழ தொங்கும். மூஞ்சில அடிக்கும்."

எனக்கு எதற்கும் எளிதில் மெய்சிலிர்ப்பதில்லை. அப்போது சிலிர்த்தது. கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் துண்டுக்குள் அவர் ஒரு காட்டையே நட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் அதற்குள் நடந்துதான் போய் வந்தார்.

அரை மணி நேரம் பேசிய பிறகு கார்டைத் தந்தார். "கலையாதுல்ல?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். கலையாது என்றேன். என் பிளேயர், கோப்புகளை ஏற்றிய வரிசையிலேயே ஓடும். அவருடையதும் அப்படித்தான், கடைசியில் ஏற்றினால் கடைசியில் நிற்கும் என்று நினைத்தேன். கொண்டுபோன ஒன்பது புதிய பகுதிகளை மடிக்கணினியில் இருந்து ஏற்றி, கார்டைத் திரும்பச் செருகிக் கொடுத்தேன்.

அவர் முதலிலிருந்து தொடங்கி ஆக்டோபஸுக்கு நடந்தார். வந்தது எரிமலை.

லெட்சுமி அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். எனக்குக் காது சுட்டது. காரணம் உடனே புரிந்தது: அவருடைய பிளேயர் பெயர் வரிசையில் ஓடுகிறது. கவிதா ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தாள். என் கோப்புகளின் பெயர்கள் எண்ணில் தொடங்கின. எங்கோ நுழைந்துவிட்டன. எங்கே என்று யோசிக்கக்கூட எனக்கு நிதானமில்லை. "கொடுங்கண்ணே, பேரை மாத்திடுறேன்" என்று கை நீட்டினேன்.

"இருங்க" என்றார். "இது மூணாவது நிரை, கடைசி மரம்."

பன்னிரண்டு முறை அழுத்தினார். ஏதோ பறவைகள் பற்றிய பகுதி. "இது நாலாவது நிரை கடைசி." பிறகு பின்னோக்கி அழுத்திக்கொண்டே முதல் இடத்துக்குப் போனார். அவர் இதுவரை கேட்டிராத ஒரு பகுதி தொடங்கியது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"எத்தன போட்டீங்க, ஒம்பதா?"

"ஒன்பது."

"எல்லாம் முன்னாடி ரோட்டோரமா நிக்குது. உள்ள ஒரு மரமும் நகரல." மறுபடியும் நடக்கத் தொடங்கினார். இந்த முறை ஒன்பது அழுத்தல் கூடுதல். அதே சீரான இடைவெளி. அதே இடத்தில் தலை குனிந்தது. ஆக்டோபஸ் வந்தது.

பெயரை மாற்றிக் கடைசிக்குக் கொண்டுபோகப் பத்து நிமிடம் போதும் என்று மறுபடியும் சொன்னேன். "வேணாம், கை வெக்காதீங்க" என்றார். முதல் இடத்துக்குத் திரும்பிப் புதிய பகுதியை ஓடவிட்டார். சற்று நேரத்தில், "அந்தக் காத்தாடிய அடச்சிடு, லெட்சுமி" என்றார். அக்கா மின்விசிறியை அணைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். வியர்வை வழிய மூன்று பேரும் கடலடி வெந்நீர் ஊற்றுகளைப் பற்றிக் கேட்டோம். சூரிய வெளிச்சமே படாத இடத்தில் உயிர்கள் வாழ்வதாகச் சொன்னபோது, அவர் வாய் சற்றே திறந்திருந்தது. என்னுடையதும்தான் என்று நினைக்கிறேன். ஒரு மணிக்கு ஆர்ன் அடித்தது.

இப்படி யாருக்காவது ஒலிக்கோப்பு கொண்டுபோகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தோட்டத்துக்குள் போகுமுன் திரும்பும் காரை நேரம் சொல்லிப் பேசிவிடுங்கள். எனக்குப் போக வர அறுபத்து நான்கு ரிங்கிட் ஆனது. தேவையானதை முதல் நாளே இறக்கிக்கொள்ளுங்கள். பழைய கார்டை அப்படியே ஒரு நகல் எடுத்துவிட்டுத்தான் எதையும் சேர்க்க வேண்டும், நான் எடுக்கவில்லை. பிளேயர் எந்த வரிசையில் ஓடுகிறது என்று வெற்றுக் கார்டில் சோதியுங்கள். கேட்பவர் எப்படித் தேடி எடுக்கிறார் என்பதை முதலில் அவரிடமே கேளுங்கள். உங்களுக்கு உதவி என்று படுவது அவருக்குப் பாதை அழிவதாக இருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்துக் கவிதா அழைத்தாள். லெட்சுமி அக்கா பேருந்தில் புக்கிட் பெருவாங்குக்கு வந்திருந்தாராம். எட்டு மாதம் யாரையும் தொடவிடாத கார்டை அப்பா ஒரு மருந்துப் பொட்டலத்தில் போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இந்த முறை நான் போனில் சொல்லச் சொல்லப் பதினான்கு சேர்த்தோம், எல்லாமே முன்னால் ரோட்டோரமாக நிற்கும்படி எண்ணில் தொடங்கும் பெயராக. கார்டோடு அந்த ஒரு எண்ணிக்கையை மட்டும் அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள் கவிதா.