அத்தைக்கு அங்கே ஒரு குறையும் இல்லையாம்

என் மாமியார் என் சமையலைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் அதற்காக அழுதிருக்கிறேன். பிறகு சண்டை போட்டிருக்கிறேன். அப்புறம் பழகிப்போயிற்று. அரிசியும் பருப்பும் சாதம் வைத்தால் பருப்பு அதிகம் என்பார். அடுத்த முறை குறைத்தால், பருப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தட்டில் தேடுவார். நானும் தட்டை வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொள்வேன். இப்படியே என் மகள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள்.

அப்படிப்பட்டவர் பொங்கலூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இங்க ஒரு குறையும் இல்லம்மா, சோறெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று என்னிடம் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? வயிறு எரிந்தது. நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இருக்கலாம். எரிந்தது வயிறுதான்.

அவரை அங்கே சேர்த்ததில் பெரிய நாடகம் ஒன்றும் நடக்கவில்லை. மூட்டு வலி. பகலெல்லாம் வீட்டில் தனியாக இருந்தார். என் கணவர் நிட்டிங் யூனிட்டுக்குப் போய்விடுவார், நான் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்விடுவேன். ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது பால் பொங்கி அடுப்பு அணைந்து, வீடு முழுக்க கேஸ் வாடை. அத்தை டிவி முன்னால் தூங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அவரே, "எங்கயாவது நல்ல எடமாப் பாத்துச் சேத்தி உட்டுருங்க" என்றார். கோபத்தில் சொல்கிறார், ஒரு வாரத்தில் போன் செய்து வண்டியை அனுப்பச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். போன் வந்தது. இரண்டு நைட்டி வேண்டுமாம், அவ்வளவுதான்.

முதல் மூன்று மாதம் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பேச்சு. என் கணவருக்கு அங்கே போனால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், எதையும் பார்க்க மாட்டார். அதனால் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

"நீதான் கம்பெனில ஆடிட் பாக்கறவ. போய்ப் பாரு. சரியில்லீன்னா கூட்டிட்டு வந்தரலாம். நீ சொல்றதுதான் முடிவு."

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் வந்து பார்ப்பதற்கு முன்னால் கம்பெனியைச் சரியாக வைத்திருப்பது என் வேலை. அவசர வழியை அட்டைப்பெட்டி மறைக்கக் கூடாது, முதலுதவிப் பெட்டியில் காலாவதியான மருந்து இருக்கக் கூடாது, கக்கூஸில் தண்ணீர் வர வேண்டும். இதெல்லாம் வெளியே சொல்லும் வேலை. வெளியே சொல்லாத வேலை ஒன்று உண்டு. ஆடிட்டர் தொழிலாளிகளை மேனேஜர் இல்லாத இடத்துக்குத் தனியாகக் கூட்டிப்போய்க் கேள்வி கேட்பார். அதனால் முந்தின நாளே லைன் லைனாகப் போய், என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிடுவோம். தண்ணி சுத்தமா இருக்குதுங்க, லீவு கேட்டா குடுக்கறாங்க, மரியாதையாப் பேசறாங்க. இந்திக்காரப் பையன்களுக்கு இதே பாடம் இந்தியில். பழுத்த ஆடிட்டர் என்றால் கண்டுபிடித்துவிடுவார். ஒரே வாக்கியம் மூன்று வாயிலிருந்து வந்தால் அது யாரோ கொடுத்த வாக்கியம்.

அந்தக் கண்ணோடுதான் நான் அந்த இல்லத்துக்குள் நுழைந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கக்கூஸ் சுத்தமாக இருந்தது. எரிச்சலாக இருந்தது. தலையணை உறையை முகர்ந்து பார்த்தேன், சோப்பு வாசனை. மாத்திரைகள் ஆளுக்கொரு டப்பாவில், பெயர் ஒட்டி, காலை மாலை என்று பிரித்து வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அத்தையின் மாத்திரைகள் ஃபிரிட்ஜ் மேல் கறிவேப்பிலைக் கவரோடு கிடக்கும். சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன், மூடியில்லாத பாத்திரம் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு குறை கிடைத்தால் போதும், அவரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம் என்றிருந்தது எனக்கு. ஆமாம், கூட்டி வரத்தான் ஆசை. குறை சொல்ல ஆளில்லாத வீட்டில் சமைப்பது எவ்வளவு சப்பென்று இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பிறகு, அவள் இருந்தாள்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். புருஷனோடு பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவள், நாள் முழுக்க நின்றுகொண்டே செக்கிங் பார்த்ததில் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலைக்கு மாறியிருந்தாள். அத்தையை "ஆச்சி" என்பாள். நான் போனபோது அத்தையைத் தன் முன்னால் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்திருந்தார். வீட்டில் என்னை அந்தத் தலையைத் தொட விட்டதில்லை. ஒருமுறை கைவலி என்று சீப்பைப் பிடிக்க முடியாமல் இருந்தபோது, நான் வாரி விடுகிறேன் என்றதற்கு, "நீ இழுத்துப்போடுவ" என்று பரட்டைத் தலையோடு ஒரு கல்யாணத்துக்கே வந்தார்.

"வலிக்குதா ஆச்சி?"

"இல்ல கண்ணு, நீ வாரு."

கண்ணு! எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது. காய்கறிக்காரனிடம் பேரம் பேசும்போதுகூட அத்தை கண்ணு என்பார். என்னை மட்டும் "ஏம்மா". அதுவும் கூப்பிட வேறு வழி இல்லாதபோது.

மதியம் அரிசியும் பருப்பும் சாதம். அந்தப் பெண் எனக்கும் ஒரு தட்டில் கொண்டுவந்து, "சாப்பிடுங்கக்கா" என்றாள். குழைந்திருந்தது. கடுகு கருகியிருந்தது. நெய்யே காட்டவில்லை. அத்தை தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். நான் கை கழுவப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல என்ன பாடு பட்டேன் என்று அவருக்குத் தெரியாது.

மூன்றாவது மாதம் முடியப்போகும் சமயம் கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று போனேன். அன்றைக்குத்தான் எனக்கு லட்டு மாதிரி ஒன்று கிடைத்தது. அத்தையிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சுத்தமா வெச்சிருக்காங்க, நேரத்துக்குச் சோறு வருது, அந்தப் புள்ள தங்கமாப் பாத்துக்குது."

அந்தப் பெண்ணைப் பற்றி நான் கேட்கவேயில்லை. சரி என்று வெளியே வந்து, அதே அறையில் இருக்கும் ரிட்டையர்டு டீச்சரம்மாவை வேப்பமரத்தடிக்குத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். சுத்தமா வெச்சிருக்காங்க, நேரத்துக்குச் சோறு வருது, அந்தப் புள்ள தங்கமாப் பாத்துக்குது. பிறகு வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போனேன். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. அதே மூன்று, அதே வரிசையில்.

எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. அகப்பட்டுக்கொண்டார்களா! நான் ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவள், என்னிடமே சொல்லிக் கொடுத்த பதிலா? உள்ளே எதையோ மறைக்கிறார்கள், மேனேஜர் எல்லோரையும் பேசிவைத்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். நேராக ஆபீஸ் அறைக்கு நடந்தேன். என்ன கேட்க வேண்டும், எந்தக் குரலில் கேட்க வேண்டும் எல்லாம் தயார்.

பின்னாலேயே டீச்சரம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க வந்துவிட்டார்.

"ஏனுங்க, நில்லுங்க. ஆபீஸுக்குப் போகாதீங்க."

"ஏனுங்க, பயமா இருக்குதுங்களா? அவங்கதானுங்களே இப்படிச் சொல்லச் சொன்னாங்க?"

"அவங்க இல்லீங்க. உங்க மாமியார்தானுங்க. மருமக வந்தா இதத்தான் சொல்லோணும்னு நேத்து எங்க எல்லாத்தையும் உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. அவ தொழிலே கண்டுபுடிக்கறதுதான், உளறிப்போடாதீங்கன்னு வேற சொன்னாங்க."

திரும்பி அறைக்குப் போனேன். அத்தை கட்டிலில் இருந்தார். அந்தப் பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினேன். அத்தை தண்ணீர் டம்ளரை இடது கையால் எடுத்தார். நான் வந்ததிலிருந்தே வலது கை முந்தானைக்குள் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். போய் முந்தானையை விலக்கினேன். முழங்கைக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்குக் கன்றிப்போய், ஊதாவும் பச்சையுமாக இருந்தது.

"ஏனுங்கத்தை, இது என்னங்க?"

அந்தப் பெண் முந்திக்கொண்டாள். "எம்மேலதான் தப்புக்கா. குளிக்க வச்சுட்டிருந்தேன். பக்கத்து ரூம்ல ஒரு ஆச்சி கூப்பிட்டாங்கன்னு போனேன். அதுக்குள்ள விழுந்துட்டாங்க. ஆபீஸ்ல சொல்லிருதேன்னுதான்க்கா சொன்னேன், ஆச்சிதான் விடல."

"நீ சும்மா இரு கண்ணு" என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்து, "அவ உக்காந்திருங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா. நாந்தான் எந்திரிச்சேன், உழுந்துட்டேன். ஆபீஸ்ல சொன்னா இவளைய அனுப்பிச்சுப்போடுவாங்க. போன மாசம் இப்படித்தான் ஒருத்தியை அனுப்புனாங்க. புள்ளைங்க படிக்குது அவளுக்கு."

நான் தேடி வந்தது கையில் கிடைத்துவிட்டது. சாதாரணக் குறையா? கம்பெனியில் இப்படி ஒன்று அகப்பட்டால் மொத்த ஷிப்மெண்டும் நின்றுவிடும். ஆபீஸில் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் போய்விடுவாள், சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டு ஹாலில் இருப்பார். மறைக்காமல் சொல்கிறேன், அந்தக் காயத்தைப் பார்த்துப் பதறிய மனசின் இன்னொரு மூலையில் எனக்கு சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த சந்தோஷத்துக்குப் பின்னாலேயே ஆத்திரம் வந்தது. எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒருமுறை அத்தைக்குக் கால் வழுக்கியது. விழக்கூட இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார். அதற்கு அவிநாசியிலிருந்து சேவூர் வரை இருக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போனது. மருமகள் தரையைத் துடைப்பதில்லை, என்னைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று. இங்கே நிஜமாகவே விழுந்து, கை கன்றிப்போய், அதை முந்தானைக்குள் வைத்து மறைத்துக்கொண்டு, ஊருக்கே பொய் சொல்லப் பழக்கியிருக்கிறார். யாருக்காக? பழகி மூன்று மாதம்கூட ஆகாத ஒருத்திக்காக.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே பல்லடத்துக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தோம், எலும்புக்கு ஒன்றுமில்லை. மேனேஜரிடம் விழுந்ததையும் சொன்னேன், அத்தை தானாக எழுந்ததையும் சொன்னேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, தரை வழவழவென்று இருக்கிறது, ஒருத்தியே இத்தனை பேரைப் பார்த்தால் யாராவது விழத்தான் செய்வார்கள், அந்தப் பெண்ணை அனுப்பினால் நாங்களும் அத்தையை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம் என்று சொன்னேன். கம்பி போட்டார்கள். அவள் அங்கேயே இருக்கிறாள். அத்தையும் அங்கேயே இருக்கிறார். என் கணவரிடம் இல்லம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போகும்போது அவள் அத்தைக்குத் தலை வாருவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரியத்தான் செய்கிறது.

ஆனால் இதையெல்லாம் செய்யலாம் என்று நான் முடிவெடுத்தது ஆபீஸில் இல்லை, அந்த அறையில். அந்தப் பெண் அழுதுகொண்டு வெளியே போய்விட்டாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அத்தை நகர்ந்து வந்து, நல்லாயிருந்த கையால் என் கையைப் பிடித்தார்.

"அவளைய உட்டுரும்மா. உன்னையக் கும்புட்டுக் கேக்கறேன்."

அத்தை என் கையைப் பிடித்ததேயில்லை. எனக்குப் பிரசவ வலி எடுத்தபோதும் பக்கத்தில் கை கட்டிக்கொண்டுதான் நின்றார். என் அப்பா செத்த அன்றைக்கும் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பிடித்திருக்கிறார், அதுவும் இன்னொருத்திக்காக. அவர் கை சூடாக இருந்தது. சரிங்கத்தை என்று சொல்வதற்கு எனக்கு ஒரு தடையும் இல்லை, மனசுக்குள் அப்போதே சொல்லிவிட்டேன். வாய்விட்டுச் சொன்னால் கையை எடுத்துவிடுவார். அதனால் யோசிக்கிற மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.