கல்வெட்டில் இல்லாத பெயர்

உத்தமபாளையம் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை நடத்தும் யுவராணிக்கு ஆறு வருடமாக ஆறாத கோபம் ஒன்று உண்டு. செல்போனில் ஆடும் கோட்டைப் போர் ஆட்டத்தில், வடக்கு வாசலைத் தனியாளாகப் பிடித்தவள் அவள். வென்றவர்களின் பட்டியல் வருவதற்கு முதல் நாள், குழுத் தலைவன் கடமலைக்குண்டு ஈஸ்வரபாண்டி அவளை நீக்கிவிட்டுத் தன் மச்சினனைச் சேர்த்துக்கொண்டான்.

ஆட்டத்தின் இந்த மாத அப்டேட்டில் அந்தப் பழைய கோட்டையே புதுக் கதையாகத் திரும்பி வந்தது. வாசலில் ஒரு கல்வெட்டு, அதில் அன்று வென்றவர்களின் பெயர்கள். ஆட்டத்தை விட்டுப்போனவர்களெல்லாம் திரும்பி வந்து அழுகிற எமோஜியாக அனுப்பித் தள்ளினார்கள். மச்சினன் பெயர் இருந்தது. யுவராணி பெயர் இல்லை.

தினமும் ஒன்றரைக்கு, தாலுகா ஆபீஸ் சாப்பாட்டுக்கு மூடிக் கடையில் ஆளில்லாத நேரத்தில், அவள் ஆட்டத்துக்குள் வில்லோடு கோட்டைக் கோபுரத்தில் ஏறிக்கொண்டாள். கல்வெட்டைப் பார்க்க ஈஸ்வரபாண்டி வரும்போதெல்லாம் அம்பெய்து சாய்த்தாள். நான்கு நாளில் பதினேழு முறை செத்தான்.

"யாருப்பா மேல? ஒரு தடவ என் பேரப் பாத்துட்டுப் போயிர்றேன்" என்று மைக்கில் கெஞ்சினான்.

"யுவராணிதாண்ணே. இங்கன நாப்பது பேரு நிக்கிறாக. வடக்கு வாசல யாரு பிடிச்சான்னு அவுகளுக்குச் சொல்லுங்க."



"நீதான் பிடிச்ச. நாந்தான் ஒன்னயத் தூக்கிட்டேன். போதுமா ஆத்தா?"

சொல்லிவிட்டு நிதானமாகக் கல்வெட்டை நோக்கி நடந்தான். முதல் வரியைப் படிக்கிற தூரம்வரை அவனை வரவிட்டு, அதன் பிறகு அடித்தாள்.

"அதான் சொல்லிட்டேன்ல?"

"கேட்டுச்சுண்ணே. நாளைக்கும் ஒன்றரைக்கு வாங்க."