நெஞ்சில் அச்சான லிங்க்

போன வாரம் ஒரு டி-ஷர்ட் சாம்பிள் வந்தது. நெஞ்சில் நீலத் திமிங்கிலம் ஒன்று சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். இருந்ததோ... இரண்டு வரி நீளத்துக்கு ஒரு இன்டர்நெட் லிங்க்! அச்சில் பிசிறே இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நான் அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்; ஆர்டர் வருவதிலிருந்து சரக்கு போவது வரை என் பொறுப்பு. ஆர்டர் தரும் பையரின் டிசைன்களைக் கிளவுடில் ஒரு ஃபோல்டரில் போட்டு, அதன் லிங்க்கை ஆர்டர் தாளில் 'பிரிண்ட்' என்ற கட்டத்தில் கொடுப்போம். பிரிண்டிங் யூனிட் சண்முகம் அண்ணனின் மெயிலுக்கு மட்டும் அனுமதி. அவர் போனில் இருப்பதோ மகளின் மெயில். ஃபோல்டர் எப்படித் திறக்கும்?

"ஏனுங்ணா, லிங்க்கையே அடிச்சிருக்கீங்க?"

"பிரிண்டுங்கற கட்டத்துல அதானுங்க அம்மிணி இருந்துச்சு. போன சீசன்ல பார்கோடு அடிக்கச் சொன்னீங்க. அதுக்கு முன்னால எழுத்தைத் தலைகீழா அடிக்கச் சொன்னீங்க. இது மட்டும் தப்புன்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

நேரே முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

சரியான சாம்பிள் அன்று சாயங்காலக் கொரியரில் போகாவிட்டால் ஆர்டர் கைநழுவிவிடும். முதலாளிக்குப் பொறுக்குமா? தன் போனிலேயே ஃபோல்டரின் அனுமதியை மாற்றிவிட்டார் — லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்!

"பூட்டைத் தொறந்து உட்டுட்டேன் கண்ணு. இனி யாரும் கேட்டுட்டு நிக்க வேண்டாம்."

"யாருமேவா சார்?"

அந்த ஃபோல்டரில் திமிங்கிலம் மட்டுமா இருக்கிறது? பையரின் அடுத்த சீசன் மொத்தமும் இருக்கிறது. கசிந்தால் ஆர்டர் மட்டுமல்ல, பையரே போய்விடுவார்.

அப்போது டீ வந்தது. கொண்டுவந்தவர் தெருமுனைக் கடை முருகேசன் அண்ணன். பழுதான சாம்பிளை யாருக்காவது உடுத்தக் கொடுத்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். அவர் நெஞ்சில்... அதே லிங்க். காலையிலேயே யாரோ கொடுத்துவிட்டார்கள்.

"இதைப் போட்டுட்டு எங்கெல்லாம் போனீங்க?"

"எல்லாக் கம்பெனிக்குந்தானுங்க. எதுத்த கம்பெனி மேனேஜர் நிறுத்தி வெச்சு போட்டோவே எடுத்தாருங்க!"

இன்றைய போன்களுக்கு ஒரு போட்டோ போதும். எழுத்தைப் படித்து, லிங்க்கையும் திறந்துவிடும்.

முதலில் பூட்டு. அடுத்தது சட்டை. கோபம் கடைசியில்.

ஃபோல்டரைப் பூட்டினேன். திமிங்கிலத்துக்கு மட்டும் தனி லிங்க் போட்டு, சண்முகம் அண்ணன் மகளின் மெயிலுக்கு அனுமதி கொடுத்தேன். முருகேசன் அண்ணனிடம் சட்டையைத் திருப்பிப் போடச் சொன்னேன்.

"தையலெல்லாம் வெளிய தெரியுமுங்க..."

"தெரியட்டுமுங்க!"

திமிங்கிலம் சிரித்தபடி கொரியர் ஏறியது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எதிர்க் கம்பெனிக்காரர் உள்ளே போய்ப் பார்த்திருந்தால்?

பூட்டியிருக்கும் வரை லிங்க் வெறும் முகவரி. திறந்துவிட்டால் அதுவே சாவி. நாமோ லிங்க்கை அனுப்புவதோடு சரி. நாம் கொடுத்தது முகவரியா, சாவியா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

மறுநாள் காலை மெயிலில் ஒரு விண்ணப்பம்: 'இந்த ஃபோல்டரைப் பார்க்க அனுமதி வேண்டும்.' அனுப்பியவர் எதிர்க் கம்பெனி மேனேஜர். சொந்தப் பெயரில், கம்பெனி மெயிலில்! பூட்டிய பிறகுதான் வந்து கதவைத் தள்ளியிருக்கிறார். எட்டிப்பார்க்க வந்தவர் காலிங் பெல்லை அடித்து, விசிட்டிங் கார்டையும் நீட்டிவிட்டார்.

அனுமதி தரவில்லை. ஒரு டீ மட்டும் அனுப்பிவைத்தேன் — முருகேசன் அண்ணன் கையில், அதே சட்டையை நேராகப் போடச் சொல்லி.