உத்திராபதி கட்டிய சீல்

சிதம்பரம் உத்திராபதிக்குச் சந்தேகம் சும்மா வந்த குணமில்லை. முப்பத்திரண்டு வருடம் அதற்குச் சம்பளம் வாங்கியவர். மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கும் வேலை; கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புவனகிரி வரை அவர் பார்க்காத மீட்டர் பெட்டி கிடையாது. கம்பியில் கோத்த ஈயக் குண்டுதான் சீல். அதைக் கட்டைவிரலால் ஒரு புரட்டு புரட்டினால் போதும், யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று சொல்லிவிடுவார். கெட்டிக்காரர்தான். ஆனால் வேலையை ஆபீசோடு விட்டுவிட்டு வரத் தெரியாத மனிதர். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் கேஸ் சிலிண்டரை எடை போட்டுத்தான் வீட்டுக்குள் விடுவார். மேல்பட்டாம்பாக்கத்தில் தம்பி ராமாமிர்தம் கறி விருந்துக்கு அழைத்தபோது, கை கழுவப் போனவர் நேரே மீட்டர் பலகைக்கு முன்னால் போய் நின்றார். அடக் கொடுமையே! இலையில் சோறு ஆறுகிறது, இவர் சீலைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அன்றோடு தம்பி பேச்சை நிறுத்தினார். மற்ற சிநேகிதர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

மிச்சமிருந்தவர் புவனகிரி மெக்கானிக் ஜாபிர் ஒருவர்தான். பதினெட்டு வருடப் பழக்கம். வாய் நிறைய 'மாமா' என்பார். பெருநாளுக்குப் பிரியாணி வாளியோடு வந்து, உட்கார்ந்து அரைமணி பேசிவிட்டுப் போவார். அவர் ஷெட்டில் காரை விடும்போதெல்லாம் உத்திராபதி அவர் கண் முன்னாலேயே கிலோமீட்டரை நோட்டில் குறித்துக்கொள்வார். ஜாபிருக்குக் கோபமே வராது. "நல்லா எழுதிக்கங்க மாமா" என்று சிரிப்பார்.

அந்தக் காரில்தான் இப்போது சத்தம். முன்பக்கம், இடது சக்கரம். 'கர்ர்... கர்ர்' என்று அரைத்தது. பத்து நாளைக்கு முன்புதான் ஜாபிர் முன்சக்கரங்களுக்குப் புது பிரேக் பேடு போட்டிருந்தார். அன்றைக்குப் பார்த்து உத்திராபதிக்குக் கடலூரில் ஒரு கல்யாணம். பக்கத்தில் நின்று பார்க்க முடியவில்லை. சும்மா விடுவாரா? முதல் நாள் சாயங்காலமே ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, சக்கரத்துக்குப் பின்னால் கையை நுழைத்து, பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டில் ஒரு பழைய சீல் கம்பியைக் கட்டி வைத்தார். பிரேக்கைப் பிரித்தால் கம்பி அறுந்தாகவேண்டும். வண்டி திரும்பி வந்ததும் தடவிப் பார்த்தார். கம்பி இல்லை. அப்பாடா, பிரித்திருக்கிறான் என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

சத்தம் வந்ததும் நிம்மதி போயிற்று. பிரித்தது நிஜம், சரி. பழைய பேடையே கழுவித் திரும்பப் போட்டிருந்தால்?

"ஏமாத்திட்டான் கொளஞ்சி. இன்னைக்கி கேட்டுடப் போறேன்" என்று சட்டையை மாட்டினார்.

மனைவி கொளஞ்சியம்மாள் வாசலை மறித்து நின்றார். "நம்ம வாசப்படி ஏறி வர்றது அந்த ஒரு மனுசந்தான். அவரையும் வெரட்டிவுட்டுட்டு யாருகூடப் பேசுவீங்க? கேஸ் சிலிண்டரு கூடவா?"

உத்திராபதி காதில் வாங்கவில்லை. காதில் சத்தம்தான் இருந்தது.

ஷெட்டில் இறங்கியதும் இறங்காததுமாக, "புது பேடு போட்டியா, பழசத்தான் மாட்டுனியா? உண்மையச் சொல்லு" என்றார்.

ஜாபிரின் முகம் சுருங்கியது. சாவியை வாங்கி, உத்திராபதியை உட்காரவைத்து, ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வெள்ளாற்றுப் பாலம் வரை ஓட்டினார். "பிரேக்க மிதிச்சாலும் அதே சத்தம், மிதிக்காட்டியும் அதே சத்தம். அப்ப பேடு இல்ல மாமா. வளைக்கும்போதும் கூடல, அதனால பேரிங்கும் இருக்காது. என்னமோ உள்ள மாட்டிகினு இருக்கு."

கதை விடுகிறான் என்று நினைத்துக்கொண்டார் உத்திராபதி.

ஜாக்கி போட்டுத் தூக்கி, ஜாபிர் சக்கரத்தைக் கழற்றினார். பேடு இரண்டும் கனமாக, புத்தம் புதிதாக இருந்தன. உத்திராபதி குனிந்து பார்த்தார். டிஸ்குக்குப் பின்னால் இருந்த தகரத்தை ஜாபிர் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். டிஸ்கைக் கையால் சுற்றினார். ஏதோ ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

முறுக்கிய கம்பி. முனையில் பாதி தேய்ந்த ஈயக் குண்டு.

ஜாபிர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தலை தூக்கித் தன் ஷெட்டுச் சுவரிலிருந்த மீட்டர் பெட்டியைப் பார்த்தார். அங்கேயும் அதே மாதிரி ஒன்று தொங்கியது. பிரேக்கைப் பிரித்தபோது அறுந்த கம்பி தகரத்துக்குள் விழுந்து, அங்கேயே கிடந்து, பிறகு டிஸ்கில் மாட்டியிருக்கிறது.

"இது எனக்குப் போட்ட சீலுங்களா?"

ஜாபிர் தகரத்தை நிமிர்த்தி, சக்கரத்தை மாட்டி, நட்டுகளை இறுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு கம்பியை நீட்டினார்.

"திரும்பக் கட்டிவுடட்டுங்களா சார்?"

பதினெட்டு வருடத்தில் முதல் 'சார்'. உத்திராபதிக்கு அறை வாங்கியது போலிருந்தது. வீடு வரை கார் சத்தமே இல்லாமல் ஓடியது. சத்தமாவது இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மறுபடி புவனகிரிக்குப் போய், ஷெட்டில் காரை நிறுத்திச் சாவியை நீட்டினார்.

"பின் பிரேக்கையும் ஒருவாட்டி பாத்துடு மாப்ள. நான் நிக்கல. பஸ்ஸுல போய்க்கறேன்."

ஜாபிர் சாவியை வாங்கவில்லை. "கிலோமீட்டர் எழுதிக்கலயா?"

"நோட்ட எடுத்தாரல." காலியான சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். "தப்பு பண்ணிட்டேன் மாப்ள. ஒன்னப் போயி..."

ஜாபிர் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பஸ்ஸு வர இருவது நிமிசம் ஆவும். டீ சொல்றேன், உக்காருங்க."

மாமா என்று சொல்லவில்லை. சார் என்றும் சொல்லவில்லை. உத்திராபதி உட்கார்ந்தார்.