பேர்சொல்லியின் அக்கா

நைஸா அடுப்புக்கரியை உரலில் இடித்து, சலித்து, ஆண்கள் உடம்பில் சுற்றிக்கொள்ளும் வெள்ளை டோகாவின் மேல் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். துணி வெளுத்தே பிழைத்தவளுக்குக் கறை வைக்கத் தெரியவில்லை. கரி ஓரிடத்தில் திட்டாக அப்பியது, மடிப்புக்குள் ஏறவே இல்லை.

பக்கத்து ரொட்டிக்கடை ஃபௌஸ்டா பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னடி, வெளுக்கிற கையால கரி பூசுற? தொழில மாத்திட்டியா?"

"டெட்டியஸ் ஐயாவோடது. இன்னைக்கு விசாரணை."

"அழுக்குத் துணியோட நின்னு நீதிபதிங்க மனச எளக்கணுமாக்கும். தாடி வளத்திருக்காரா?"

"வளத்திருக்காரு. பாதிக்கு மேல நரை."

"அந்த மொகத்துக்கா எங்க வீட்டுக்காரரு சுவரு சுவரா ஓட்டு கேட்டு எழுதினாரு!"

டெட்டியஸ் பரம்பரைப் பெரிய மனிதர் இல்லை. தாத்தா சபைன் மலைப்பக்கம் எண்ணெய் விற்றவர். பேரன் ரோமையே ஆள ஆசைப்பட்டார். தேர்தலுக்கு நிற்கிறவர்கள் டோகாவில் சுண்ணப்பொடி பூசிப் பளபளவென்று ஊர்ச்சதுக்கமான ஃபோரத்துக்கு வருவார்கள். டெட்டியஸுக்குப் பூசிக் கொடுத்தது எப்போதும் நைஸாதான். அந்த வீட்டில் அடிமையாக வளர்ந்தவள். டெட்டியஸின் அம்மா அவளை விடுதலை செய்து பட்டறையும் வைத்துக் கொடுத்தாள். தம்பி டிஃபிலஸை விடுவதற்குள் அந்த அம்மாள் கண்ணை மூடிவிட்டாள்.

டிஃபிலஸுக்குப் பேர் சொல்லும் வேலை. எஜமானுக்கு இடப்பக்கம் ஒட்டி நடந்து, எதிரே வருகிறவனின் பேர், பெண்டாட்டி பிள்ளை, அவனுக்கு என்ன வியாதி, எல்லாவற்றையும் காதில் ஓதவேண்டும். உடனே டெட்டியஸ் கையை நீட்டி, "வாங்க அல்பியஸ், முட்டிவலி தேவலையா?" என்பார். முட்டிவலிக்காரன் பூரித்துப்போய் ஓட்டைப் போட்டுவிடுவான். அப்படித்தான் அவர் பதவி பதவியாக ஏறினார். ஒவ்வொரு வெற்றிக்கும் பிறகு நைஸா போய் நிற்பாள்.

"தம்பிய விட்டுடறேன்னீங்களே ஐயா."

"இன்னும் ஒரே ஒரு தேர்தல். இவன் இல்லாட்டி நான் கண்ணில்லாதவன்."

எல்லாவற்றுக்கும் மேலான கன்சல் பதவிக்கு நின்றபோது தோற்றார். தோற்று வீட்டில் உட்கார அவருக்குத் தெரியவில்லை. பழைய சிப்பாய்கள் பின்வாசல் வழியாக வந்துபோக ஆரம்பித்தார்கள். வந்தவர்களின் பேரை உள்ளே சொன்னவனும் டிஃபிலஸ்தான். அவர் வீட்டு வைக்கோலுக்கு அடியில் வாள்கள் பிடிபட்டன. அரசுக்கு எதிரான சதி என்று வழக்கானது.

யார் யார் வந்தார்கள் என்பதுதான் இப்போது வழக்கே. அடிமையை வதைத்து வாங்கினால்தான் அவன் சாட்சி செல்லும். விடுதலையானவன்மேல் கை வைக்க முடியாது. இது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். எதிர்த்தரப்பு இன்று டிஃபிலஸைத்தான் வதைத்து விசாரிக்கக் கேட்கப்போகிறது என்று ஃபௌஸ்டாவின் புருஷன் ஃபோரத்தில் கேள்விப்பட்டு வந்திருந்தான். நைஸா டோகாவை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு விரைந்தாள்.

விடிகாலையில் கும்பிடு போட வருகிறவர்களால் நெரிபடும் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. டெட்டியஸ் கூடத்தில் நின்றார். அவளைக் கண்டதும், பழக்கதோஷத்தில், தலையை இடப்பக்கம் சாய்த்தார்.

"நைஸா. சலவைக்காரி. என் அக்கா," என்று ஓதினான் டிஃபிலஸ். மற்றவர்களின் பேரைச் சொல்கிற அதே குரல்.

"வா நைஸா! பட்டறை எப்படி ஓடுது?" டெட்டியஸ் கையை நீட்டினார்.

அவள் டோகாவை விரித்து அவர் மேல் சுற்றினாள்.

"அடிமைகள விடுதலை பண்ணி வைக்கிற நடுவர் போற வழியிலதான் உக்காந்திருப்பாரு. அவரு முன்னால ஒரு வார்த்தை சொல்லி இவன விட்டுடுங்க ஐயா."

"இன்னைக்கு விட்டா பயந்துட்டேன்னு ஊரே சிரிக்காதா? வழக்கு முடியட்டும். அடுத்த வருஷம் மறுபடி நிக்கப்போறேன். அப்ப இவன் எனக்கு வேணும்."

"வழக்கு முடியறதுக்குள்ள இவனுக்குக் கையும் காலும் மிஞ்சுமா?"

"சும்மா மிரட்டுவாங்க. இவன் வாயத் தொறக்க மாட்டான். கெட்டிக்காரன்." டெட்டியஸ் விலாப்பக்கம் குனிந்து பார்த்தார். "இங்க கரி பத்தலையே."

நைஸா அங்கேயும் தேய்த்தாள்.

"விடுக்கா," என்றான் டிஃபிலஸ்.

"நீ பேசாத. ஊர்ல உள்ளவன் பேரெல்லாம் சொல்றே, ஒனக்காக ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல." அவள் நிமிர்ந்தாள். "ஐயா, அழுத்திப் பிடிச்சா இவன் சொல்லிடுவான். நான் வளத்த பய, எனக்குத் தெரியும். அப்பறம் ஒங்களுக்கும் கதியில்ல, எனக்கும் தம்பியில்ல. விடுவீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

டெட்டியஸ், கரித்துணிக்குப் பொருத்தமாக, தலைமுடியையும் விரல்களால் கலைத்துவிட்டுக்கொண்டார். பிறகு டிஃபிலஸுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு வெளியே போனார். டிஃபிலஸ் அவருக்கு இடப்பக்கம் ஒட்டி நடந்தான்.