தீபாவளிக்கு முந்தைய நாள் தபால்

வில்பட்டி டீக்கடை முன்னால் கொடைக்கானல் பஸ்ஸுக்காக நிற்கிறேன். நாளை தீபாவளி, மறுநாள் ஞாயிறு. கிளை அஞ்சலகத்தை மதியமே பூட்டிவிட்டார்கள். ஆனால் அங்கே வேலை பார்க்கும் தபால்காரப் பெண்மணி இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. கையில் ஒரு பதிவுத் தபாலோடு, “செல்வி இன்னைக்கு எங்க வேலைக்குப் போயிருக்கு? போன் எடுக்கல” என்று கடைக்காரரிடம் விசாரிக்கிறார். கேரட் கழுவும் இடத்துக்கு என்று அவர் கீழே பள்ளத்தைக் காட்டுகிறார்.

“திங்கட்கிழமை கொடுத்தால் ஆகாதா?” என்று கேட்கிறேன்.

“ஆகாதுங்க. நேத்து பக்கத்து ஊருக்கும் இதே கவர் வந்துச்சு. அங்கன்வாடி வேலைக்கு இன்டர்வியூ. திங்கக்கெழம காலைல திண்டுக்கல்ல இருக்கணும். லீவு முடிஞ்சு நான் கொண்டு போறதுக்குள்ள அது முடிஞ்சுரும்.”

பஸ்ஸை விட்டுவிட்டு நானும் அவர் பின்னால் இறங்குகிறேன். மழையில் ஊறிய மண் வழுக்குகிறது. தபாலை ரெயின்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு அவர் விறுவிறுவென்று நடக்கிறார். எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

செல்விக்கு முப்பது வயதிருக்கும். ஈரக் கையைத் துடைத்துக் கையெழுத்துப் போட்டு, உறையைப் பிரித்துப் படிக்கிறாள். மறுபடியும் படிக்கிறாள். பிறகு கேரட் மூட்டைமேல் உட்கார்ந்துவிடுகிறாள்.

“வரவே வராதுன்னு நெனச்சேங்க்கா.”

“அதான் வந்துருச்சுல்ல. மொத பஸ்ஸப் பிடிச்சிரு. சர்டிபிகேட்ட மறந்துராத.”

டீ குடித்துவிட்டுப் போகலாம் என்கிறாள் செல்வி.

“இன்னொரு தபால் கெடக்கு” என்று சொல்லிவிட்டு, தபால்காரம்மா எதிர்ச்சரிவில் ஏறத் தொடங்குகிறார். அவருடைய வேலை நேரம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகிறது.